பனியாறு பார்க்கப் போகாத கதை

நிலவியல் முதுகலையில் எனக்கு வாய்த்த பாடம் பனியாறு. வாத்தியாரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை. பனி மலையைச் சுரண்டிக்கொண்டு இறங்கும், பள்ளத்தாக்கை யு வடிவில் குடையும், தள்ளி வந்த கல்லையும் மண்ணையும் மேடாகக் குவித்துவிட்டுப் போகும் என்று மதுரை வெயிலில், ஓடாத மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டோம். கண்ணாடி அலமாரியில் கீறல் விழுந்த ஒரு கல் இருந்தது. பனி கீறியது என்றார் வாத்தியார். யாராவது கீழே போட்டு விழுந்த கீறலாகவும் இருக்கலாம். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரி. இரண்டு பக்கமும் மலை, நடுவில் தட்டையாகத் தோட்டம். முதல் தேர்வில் யு வடிவப் பள்ளத்தாக்குக்கு எங்கள் ஊர்ப் பக்கத்தையே வரைந்து வைத்தேன். இங்கே எந்தக் காலத்தில் பனி ஓடியது என்று வாத்தியார் வகுப்பில் எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து ஒரு தடவையாவது நிஜப் பனியாற்றைப் பார்த்துவிட வேண்டும் என்று வெறி பிடித்தது.

கடைசி வருடம் இமாசலத்துக்குக் களப்பயணம் அமைந்தது. மூணாறு எஸ்டேட்டில் இருக்கும் சித்தி கொடுத்த ஸ்வெட்டர் எங்கள் ஊர் ஓடைப்பட்டியில், வீட்டில் கிடந்தது. ரயிலுக்கு முந்தின நாள் அதை எடுக்கப் போனேன். அன்று சாயங்காலம் அம்மன் கோயிலில் காப்புக் கட்டு. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை வேறு ஊரில் இரவு தங்கக் கூடாது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் எல்லாம் கொட்டுச் சத்தம் கேட்பதற்குள் பஸ் ஏறிவிடுவார்கள். நானும் அந்த நினைப்பில்தான் முன்னதாகவே நிறுத்தத்தில் போய் நின்றேன்.

பஸ் வரவே இல்லை. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த வழியாக வந்த பக்கத்து வீட்டு அக்கா, "ஏத்தா, இங்கன நின்னா எப்பிடி? பஸ்ஸெல்லாம் வெளிரோட்டோட போகுதுன்னு காலையிலயே சொன்னாகளே" என்றார். என்னிடம் யார் சொன்னார்கள்? பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். திராட்சைத் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் கோயிலில் கொட்டு முழங்கிவிட்டது.

அப்பா சாமி விஷயத்தில் பட்டும் படாமலும் இருப்பவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் விட்டுவிடுவார் என்று திரும்பி வந்தேன். தோட்டத்திலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனவர், மஞ்சள் வேட்டியும் மணிக்கட்டில் காப்புமாக வாசலில் நின்றார்.

"போகக் கூடாதுத்தா. இது காப்புக் கட்டுன வீடு."

"எந்த வருசமும் கட்டாத ஆளு, இப்ப எதுக்குப்பா கட்டுனீக?"

"ஒனக்கு அந்தப் படிப்புல சீட்டு கெடைக்குமா கெடைக்காதான்னு கெடந்தப்ப, கெடைச்சா தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்துக்கிட்டேன். தள்ளித் தள்ளிப் போச்சு. நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள செலுத்திரணும்ல?"

கத்துவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். பனியைப் படிக்க எனக்கு இடம் கிடைத்ததற்காக இவர் நெருப்பைத் தூக்கப் போகிறார். அதனாலேயே நான் பனியைப் பார்க்கப் போக முடியாது. இதில் யாரைத் திட்டுவது?

அதற்குப் பிறகு அப்படி ஒரு வாய்ப்பு வரவில்லை. அது போனதைக்கூட ஒருவழியாகத் தாங்கிக்கொண்டேன். அவரிடம் ஆசைதீர ஒரு சண்டைகூடப் போட முடியாமல் போனதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.