பச்சையாகக் கக்கிய குழந்தை

எங்கள் பக்கத்தில் "காத்து வந்துச்சு" என்றால் பேய் பிசாசு என்று அர்த்தமில்லை. வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் நினைத்துக்கொள்வார்கள். எண்ணூர்க்காரர்களுக்குக் காத்து என்றால் கம்பெனிகள் பக்கமிருந்து வரும் கேஸ் வாடை. வந்தால் கண் எரியும், நெஞ்சு கமறும், பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். அதற்கெல்லாம் யாரும் டாக்டரிடம் ஓட மாட்டோம். ஈரத் துணியை மூக்கில் வைத்துக்கொண்டு ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவோம். காத்து மாறினதும் திரும்பி வருவோம். அவ்வளவுதான் வைத்தியம்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது எண்ணூர் நெட்டுக்குப்பத்தில். அவளுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டதிலிருந்து மாப்பிள்ளை பார்த்தது வரை எல்லாம் நான்தான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்த ஆறு வருஷத்தில் அவள் காதில் விழுந்த பேச்சுகளை எழுத ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். முறைப்படி பிரசவம் முடிந்து என் வீட்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும். நான் கல்யாணமாகிப் போன ராயபுரத்தில் எங்களுக்கு இருப்பதோ ஒற்றை அறை. அதில் நானும் வீட்டுக்காரரும் ரெண்டு பிள்ளைகளும், நான் நைட்டி தைக்கிற மெஷினும். அதனால் அவள் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். நான் தினமும் மத்தியானம் பஸ் ஏறிப் போய்க் குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வருவேன்.

குழந்தை நன்றாகத்தான் பால் குடித்தது. குடித்ததும் கடைவாயில் கொஞ்சம் ஒழுகும். சில சமயம் தயிர் மாதிரி திரிந்து தோளில் வழியும். உடனே தங்கை எனக்கு போன் அடிப்பாள், கக்கிவிட்டது என்று. பிள்ளை பெற்றாயா தயிர்க்கடை வைத்தாயா என்று நான் கிண்டல் செய்வேன். தோளில் போட்டு முதுகைத் தட்டு, ஏப்பம் வரட்டும், குடித்த வாயோடு படுக்கப் போடாதே என்பேன். மறுபடியும் பாலுக்கு வாயைத் திறக்கிறதா, துணியை நனைக்கிறதா, அப்படியென்றால் ஒன்றுமில்லை, போய் வேலையைப் பார் என்பேன். சொன்னதெல்லாம் சரிதான். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருந்ததுதான் கேடாகப் போனது. அவள் என்னை நம்பினாள். எனக்கும் தலைக்கனம் ஏறிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு போன் வந்தது. விடிந்ததிலிருந்தே அங்கே காத்து வந்திருந்தது. அவள் மாமியார் ரெண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டுப் படுத்திருந்தார். தெருவே இருமிக்கொண்டிருப்பது போனில் எனக்குக் கேட்டது.

"அக்கா, புள்ள பச்சையா கக்குதுக்கா."

"உன் மாமியாருக்கு இன்னா கலர்ல வந்துச்சாம்? காத்து வந்தா பித்தம்தான் வரும்."

"அவங்க வெறும் வயிறுக்கா. இது இப்பதான் பால் குடிச்சிது. பாலே காணோம், பச்சையாதான் கீது."

பெற்று பன்னிரண்டு நாள் ஆனவள் எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாள். ரெண்டு பெற்று வளர்த்த எனக்கு அது காதில் ஏறவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டாள். காத்து வந்ததுக்கு எவளாவது ஆஸ்பத்திரிக்குப் போவாளா என்று கத்தினேன்.

"சும்மா பேஜார் பண்ணாத. புள்ளய தூக்கினு இங்க வா. நல்ல காத்து பட்டா சரியா பூடும்."

ஆட்டோ பிடித்து வந்தாள். நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டிருந்தால் அதே ஆட்டோ பதினோரு மணிக்கு அங்கே போய் நின்றிருக்கும். என் வீட்டு வாசலில் வந்து நின்றது.

குழந்தையை ஃபேனுக்கு அடியில் போட்டோம். தூங்கியது. பார்த்தாயா, இங்கே வந்ததும் எப்படித் தூங்குகிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். பாலுக்கு எழுப்பினால் எழவில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறக்கவில்லை. நடுவில் ரெண்டு தடவை கக்கியது, அரைத்த கீரைத் தண்ணீர் போல. காலையில் கட்டின துணி காய்ந்தே கிடந்தது. தங்கை அந்தக் கறை பட்ட துணியை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். நான் அதை வாங்கி வாளியில் ஊறப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தேன். படுபாவி, ரெண்டு நைட்டிக்குக் கை வைத்து முடித்தேன். நாலு மணிக்குத் துணியில் ரத்தம் பார்த்த பிறகுதான் ஓடினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயது லேடி டாக்டர் ஒருவர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். எப்போதிலிருந்து பச்சையாக எடுக்கிறது என்று கேட்டார். காலை பத்து மணியிலிருந்து என்றாள் தங்கை. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். அதற்குள் தங்கையின் வீட்டுக்காரரும் மாமியாரும் வந்து சேர்ந்திருந்தார்கள்.

"ஏம்மா இவ்ளோ நேரம் கழிச்சுக் கொண்டு வந்தீங்க?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் டாக்டர், கேஸ் வாடைனு நெனச்சிகினேன்," என்றாள் அவளே.

ஊரெல்லாம் கேட்கிற மாதிரி பேசுகிறவள் நான். மார்க்கெட்டில் என் வாய்க்குப் பயந்து வழிவிடுவார்கள். அன்றைக்கு அந்த வாய் ஒட்டிக்கொண்டது. மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். தங்கையின் வீட்டுக்காரர் அவளைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ரத்தம் போகாமல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே பொறுமையாக விளக்கினார். குடித்த பால் திரும்பி வந்தால் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். பச்சிளம் குழந்தை பச்சையாக எடுத்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும், அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டுமாம். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும், துணி நனையாமல் இருந்தாலும் அப்படித்தான். வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று நாங்கள் திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகப் போங்கள் என்றார். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எல்லாம் என் வீட்டுத் தரையில் என் கண் முன்னால் நடந்தவை என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் குழந்தை இறந்துபோனது. இன்னும் பேர் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு தங்கைக்குக் குழந்தை தங்கவில்லை. நாலு வருஷமாக அந்த வீட்டில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் பேச்சு சுற்றி அவளிடம் வந்து நிற்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சொன்னால் தங்கையின் வீட்டுக்காரர் என்னை வாசல் ஏற விடமாட்டார், அப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அவளுக்காகத்தான் வாய் மூடியிருக்கிறேன் என்று கூட நம்பினேன். வெட்கக்கேடு.

போன மாதம் நெட்டுக்குப்பம் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். தங்கை தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மாமியார் அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்கிற சாக்கில் ஆரம்பித்தார். "இவ சாய்ங்காலம் வரிக்கும் மடியில வெச்சிகினே உக்காந்துனு இருந்தா. பெத்தவளுக்குத் தெரிய வாணாமா?"

"அவளுக்குத் தெரிஞ்சிது," என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமானு கேட்டா. நான்தான் காத்து, வாணாம்னேன்."

பக்கத்து வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். மாமியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மிச்ச இறாலையும் உரித்து முடித்தாள். கை கழுவிக்கொண்டு என்னை அனுப்பிவைக்க பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் பேசினாள்.

"அத அன்னிக்கி டாக்டர் கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லக்கா."