முதல் இலையில் ஒரு புளியங்கொட்டை

நான் படித்தது நாலாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனாலும் காலேஜ் கணக்கில் ஒரே ஒரு கணக்கு எனக்குத் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகித் திருமயத்துப் பக்கம் வந்தபோது, என் வீட்டுக்காரர் புதுக்கோட்டை காலேஜில் இண்டர்மீடியட் எழுதி, அல்ஜீப்ராவில் மட்டும் தவறியிருந்தார். எஞ்சினீயருக்குப் படிக்க அவருக்கு ஆசை. மாமனாருக்கு ரங்கூனில் கடை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மீசை முளைத்ததும் கப்பலேறுவார்கள். போனால் வருஷக்கணக்கில் முகம் பார்க்க முடியாது.

"செப்டம்பர்ல இன்னொரு தடவை எழுதட்டும். அதுலயும் போச்சுன்னா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்" என்று மாமனார் சொன்னதைத் தூணுக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன்.

மத்தியானம் பெரியவர்கள் கண்ணயர்ந்த பிறகு அவர் வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் உட்கார்ந்து படிப்பார். பக்கத்தில் நான் அரிசி புடைப்பேன். புத்தகம் முழுக்க இங்கிலீஷ்.

"இதென்னங்க, கணக்குக்குள்ள எழுத்தா இருக்கு?"

"எத்தனைன்னு தெரியாததுக்கு ஒரு எழுத்தை வச்சுக்கிறது. போகப் போகத் தெரிஞ்சிரும்."

எனக்கு அது பிடித்துப்போயிற்று. புகுந்த வீட்டில் எனக்கும் அப்போது முக்கால்வாசி தெரியாததுதான்.

ஆட்களை எத்தனை விதமாக வரிசையில் உட்கார வைக்கலாம் என்று ஒரு பகுதி. அதில்தான் அவர் வழுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள், பல்லாங்குழிக்கு வைத்திருந்த புளியங்கொட்டையில் அஞ்சை எடுத்துத் தரையில் போட்டார்.

"இந்தா புள்ளே, இதுதான் நம்ம வீட்டுப் பந்தி. இந்தப் பெரிய கொட்டை அப்பச்சி. இது சித்தப்பா, இது அத்தை வீட்டு மாமா, இது நான், இது தம்பி."

அப்பச்சி என்றது அவர் தகப்பனாரை. சித்தப்பாவுக்கும் அந்த மாமாவுக்கும் ஒரு கிணற்றுத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார மாட்டார்கள்.

"அந்த ரெண்டு பேரும் சேராம மாத்தி மாத்தி வச்சுக்கிட்டே வா. நான் எண்ணுறேன்."

நானும் வைத்துக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தலையைத் தூக்கினார்.

"ஏன், அப்பச்சி எப்பப் பாத்தாலும் முதல் எலையிலயே இருக்காரு?"

"பின்னே? ஒங்க அப்பச்சியைக் கடைசி எலையிலயா உக்கார வைக்கச் சொல்றீங்க?"

"கணக்குக்கு மாமனாரும் கெடையாது, மருமகளும் கெடையாது. தூக்கிக் கடைசியில வையி."

எனக்குக் கை வரவில்லை. இங்கிட்டும் அங்கிட்டும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நகர்த்தினேன். அவர் சிரித்த சிரிப்பில் தூக்கம் கலைந்த மாமியார் உள்ளேயிருந்து, "என்னடா அங்க? படிப்பா, பல்லாங்குழியா?" என்று சத்தம் போட்டார். எல்லாம் வைத்து முடித்தால் எழுபத்திரண்டு விதம் வந்தது. அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்தார்.

பரீட்சை எழுதிவிட்டு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். கால் கழுவச் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

"பந்திக் கணக்கு வந்துச்சாங்க?"

"வராமலா! ஒரு தகப்பன், நாலு மக்க. அதுல ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்கார மாட்டானுக. தகப்பனை முதல்ல உக்கார வச்சுட்டு, மிச்ச நாலு பேரையும்..."

அதோடு நின்றுவிட்டார். நான் ஊற்றிய தண்ணீர் அவர் காலில் ஓடிக்கொண்டே இருந்தது. தகப்பனை முதலில் வைக்கச் சொல்லி அந்தக் கணக்கில் ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு விதம் என்று எழுதிவிட்டு வந்திருக்கிறார். பரீட்சை ஹாலில் தகப்பனை நகர்த்த அவருக்கும் கை வரவில்லை.

ரிசல்ட் வந்த பேப்பரில் அவர் நம்பர் இல்லை. மாமனார் கூப்பிட்டு, "எதுலடா போச்சு?" என்றார். தகப்பனார் முன்னால் வாய் திறக்காதவர், அன்றைக்கு நடந்ததை அப்படியே சொன்னார்.

"அப்ப அந்தத் தகப்பன் எங்கிட்டுத்தான் உக்காரணும்?"

"எங்கிட்டு வேணாலும் உக்காரலாம் அப்பச்சி. கடைசியிலகூட."

"எவன்டா போட்டான் இந்தக் கணக்கை?" என்று மாமனார் எழுந்து போய்விட்டார். நான் உள்ளே போய் என் வீட்டுக்காரர் வேட்டிகளைப் பெட்டியில் மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. சொந்தமெல்லாம் வந்திருந்தது. இலை போட்டாயிற்று. மாமனார் வந்தார். முதல் இலையைத் தாண்டினார். சித்தப்பா எழுந்து நின்று, "அண்ணே, இங்கிட்டு வாங்க" என்றார். காதில் வாங்காமல் நடந்துபோய்க் கடைசி இலையில் உட்கார்ந்தார்.

"நீ போயி முதல் எலையில உக்காருடா" என்றார் மகனிடம். "நல்லாப் பாத்துக்க. மார்ச்சுப் பரீட்சையில மறந்துறாதே. கப்பல் எங்கயும் ஓடிப்போயிராது."

முதல் இலையிலிருந்துதான் பரிமாற வேண்டும். நான் சோற்றுச் சட்டியோடு நின்றேன். மாமியார் கண்ணைக் காட்ட, கடைசி இலையிலிருந்து தொடங்கினேன்.

மார்ச்சில் தேறினார். எஞ்சினீயருக்குப் படிக்க மெட்ராஸுக்கு ரயிலேறினார். அதுவும் பிரிவுதான், ஆனால் லீவுக்கு லீவு வந்தார். அங்கே சராசரி, எது நடக்கும் எது நடக்காது என்று பார்க்கும் வாய்ப்புக் கணக்கு என்று என்னென்னவோ படித்தார். ஒரு லீவில் கேட்டேன்: "ஒங்க அப்பச்சி அன்னைக்குக் கடைசி எலைக்குப் போவாகன்னு ஒங்க புதுக் கணக்குல வருமா?"

"முன்னால எத்தனை தடவை போயிருக்காருன்னு பாக்கணும்."

"ஒரு தடவையும் இல்லையே."

"அப்ப கணக்குப்படி அது நடக்கவே நடக்காது" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி வைத்தார்.