கரகரத்தால் ரயில் வரும்

டாக்குரியா ஸ்டேஷன் டீக்கடையில் ரேடியோ கரகரத்தது. டீயை அப்படியே வைத்துவிட்டு, "ஓடு, டிரெயின் வருது!" என்று மகளிடம் கத்தினேன்.

"ஆப்ல அஞ்சு நிமிஷம்னு இருக்கேம்மா."

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீடு இதே பிளாட்பாரத்தை ஒட்டி இருந்தது. அம்மா தமிழ்ப் பாட்டு கேட்க உட்கார்ந்தால் ரேடியோ கரகரக்கும். அதன் தலையில் இரண்டு தட்டு தட்டுவாள். அப்பா அதை இரண்டு முறை கரியாஹாட் ரிப்பேர் கடைக்குத் தூக்கிப் போனார். அங்கே சுத்தமாகப் பாடியது. "கிச்சு ஹொய்னி, தாதா," ஒன்றும் ஆகவில்லை என்று வங்காளி ரிப்பேர்காரர் கையை விரித்தார்.

"இந்தச் சனியனைத் தூக்கிப் போடுங்கோ" என்றாள் அம்மா. பழைய சாமான்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மறுபடியும் கரகரப்பு. "அம்மா, இப்போ டிரெயின் வரும் பாரு!" என்று குதித்தேன்.

வந்தது! ரயிலின் கூரைமேல் இருந்த சட்டம் மின்கம்பியில் உரச, நீலப் பொறி பறந்தது. "அதைப் பாக்காதே, கண்ணு கெட்டுடும்" என்று அம்மா என் கண்ணைப் பொத்தினாள். சாமான்காரர் வெறுங்கையோடு போனார். மறுநாள் முதல், ரேடியோ கரகரத்த பிறகுதான் அப்பா ஷூ மாட்டினார்.

மகள் என்னோடு ஓடிவந்தாள். "ரேடியோவைக் கரகரக்க வச்சது ரேடியோ அலை. பாட்டி பயந்தது புற ஊதாக் கதிர். ரெண்டும் ஒரே பொறியில வரும்மா! நாளைக்கு டெஸ்ட்ல இதான்!"

அவள் முடிப்பதற்குள் ரயில் வந்து நின்றது. ஆப்பில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.