அக்கா செய்யாத சிப்பு

நான் ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. அக்கா வழியனுப்ப வரவில்லை. இரண்டு வருடமாக அவள் குழு எழுதிய ப்ராசஸர் டிசைனை வாங்கியவர்களிடம் ஒப்படைக்கும் நாளும் அதுதான். கோபத்தில் சார்ஜரை மறந்துவிட்டுப் போனேன். பழியை அவள் மேல் போட்டேன்.

போனின் மூளையான ப்ராசஸர் எண்களை எப்படிக் கூட்ட வேண்டும், எதை நினைவில் வைக்க வேண்டும் என்று நாளெல்லாம் திரை முன் உட்கார்ந்து எழுதுபவள் அக்கா. பதினொரு வருடத்தில் ஒரு சிப்புகூடச் செய்ததில்லை. டிசைனை வாங்கும் கம்பெனிகள் தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துச் சிப்பாக்கிக்கொள்ளும். என் போனில் இருந்த சிப்பும் அப்படி அவள் குழுவின் முந்தைய டிசைனிலிருந்து வந்ததுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் போன இடமெல்லாம், "இந்த போன்ல இருக்குற சிப்பு எங்கக்கா செஞ்சது" என்று தம்பட்டம் அடித்தேன்.

ஆறாவது மாதம், ஒரு விடுதியில் என் போன் ஓயாமல் ஹேங் ஆனது. அறைத்தோழியின் போனிலும் அக்காவின் அதே டிசைன்தான். சிப்பு மட்டும் வேறு கம்பெனி. அது குதிரை மாதிரி ஓடியது. அக்காவை அழைத்துக் கத்தினேன்.

"உன் சிப்பு படுத்துடுச்சுக்கா!"

"என் சிப்பு இல்லடி. நான் வீட்டு பிளான் போடுறவ. கட்டுறவன் கம்பிய மிச்சம் பிடிச்சா நான் என்ன பண்றது?" குரல் தாழ்ந்தது. "ஆனா பிளானே தப்புன்னு உன் போன் சிப்ப செஞ்ச கம்பெனிக்காரங்க சொல்றாங்க. இல்லன்னு காட்டலேன்னா எங்க ஆபீஸ்ல டீமையே கலைச்சிடுவாங்க. சோதிச்சுப் பாக்க நாங்க வாங்கின போன் ஒண்ணுகூட ஹேங் ஆகல. உன்னோடத பத்திரமா அனுப்பு."

"அது வந்துக்கா..."

"என்ன வந்து?"

"காலையில சுவத்துல அடிச்சிட்டேன். ரெண்டா போயிடுச்சு. குப்பை வண்டியும் வந்துட்டுப் போயிடுச்சு. இது தோழி போன்."



"டிசைனுக்கும் சிப்புக்கும் என்ன வித்தியாசம்னு இனிமே யாராவது கேட்டா ஈசியா சொல்லிடுவேன். ஒரே அப்பா அம்மாதான். நானும் பொறந்தேன், நீயும் பொறந்திருக்க."

அதன்பின் தம்பட்டத்தை நிறுத்திவிட்டேன். அவள் வேலை போனால் அதில் என் கைவண்ணமும் இருக்கும் என்ற நினைப்பு எந்த ஊரிலும் தூங்கவிடவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, வீடு திரும்பும் ரயிலில் என் புது போனுக்கு அக்காவின் செய்தி வந்தது:

"ஹேங் ஆகுற போன் ஒண்ணு ஒருவழியா கெடச்சுது. சிப்புக்குள்ள கரண்ட் போற வழிய அந்தக் கம்பெனிக்காரங்க ஒல்லியா போட்டிருக்காங்க. டிசைன் சரிதான், டீம் தப்பிச்சுது. ஸ்டேஷனுக்கு வரேன். போன் இன்னும் ஒரே துண்டா இருந்தா பதில் போடு."