நாலேகால் மணி

ஒரு ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை சாயங்காலம், பதினோரு பிள்ளைகளும் ஒரு கணக்கு வாத்தியாரும் பழவேற்காடு ஏரியில் காணாமல் போனார்கள். காரணம் நான். அதை மறைத்துவிட்டுக் கர்த்தருடைய கிருபையை மட்டும் எழுதினால் அது பாதி சாட்சிதான். ஆகவே என் தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு உயர்நிலைப் பள்ளியில் நான் பியூன். என் தகப்பனார் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டினவர். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கின முதல் ஆள் நான் என்பதால் எனக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. தாழ்வாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எங்கள் பள்ளி மணி. அதை இரும்புக் கம்பியால் அடிப்பதும், வருகைப் பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய் வைப்பதும் என் வேலை.

கணக்கு வாத்தியார் பெயர் வேதாசலம். நெற்றி நிறைய விபூதி, கையில் எப்போதும் ஒரு குடை. ஆள் மெலிவு, குரல் மட்டும் பெரிது. பிள்ளைகளை அடிக்கமாட்டார். கணக்கு வராமல் விழிக்கிற பிள்ளையிடம், "எந்த எடத்துல தொலைஞ்ச? வா, அங்க போய்ப் பாக்கலாம்" என்று சொல்லி முதல் வரியிலிருந்து கூடவே வருவார். ஊரே அவரைக் கொண்டாடியது. எனக்கு மட்டும் அவர்மேல் சிறிது எரிச்சல். மணி ஒரு நிமிஷம் பிசகினாலும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

ஏரிக்கு அந்தப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் படகில் வந்து படித்தார்கள். நாலேகாலுக்குப் பள்ளி விடும். நாலரைக்குப் படகுக்காரர் எட்டியப்பன் பெரிய படகைக் கொண்டுவருவார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்ததும் வேதாசலம் சார் படகுத்துறையில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் "உள்ளேன் ஐயா" சொன்ன பிறகுதான் படகு கிளம்பலாம்.

"இன்னா சார் இது, கண்ணெதிர்ல குந்திக்கினு கீறாங்க, பேரு வேற கூப்புடணுமா?" என்று எட்டியப்பன் கேலி செய்வார். சார் சிரித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவார்.

இனி என் விஷயம். புதன்கிழமைதோறும் நாலரைக்கு எஸ்தர் அம்மா வீட்டில் ஜெபக்கூட்டம். பள்ளியைப் பூட்டிவிட்டு ஒன்றரை மைல் சேற்றில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேரும்போது கூட்டம் முடிகிற நேரமாகிவிடும். "யாக்கோபு ஆமென் சொல்றதுக்கு மட்டும் வர்றான்" என்று ஒரு சகோதரர் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அடுத்த புதன்கிழமை தலைமை ஆசிரியர் அலுவலக வேலையாகத் திருவள்ளூர் போயிருந்தார். நான் நாலு மணிக்கே கடைசி மணியை அடித்துவிட்டேன். ஆண்டவருடைய காரியத்துக்குத்தானே என்று மனசாட்சியின் வாயை அடைத்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக ஓடினார்கள். மேகம் கறுத்திருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் சைக்கிளை எடுத்தேன்.

ஜெபக்கூட்டத்துக்கு அன்று முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். எஸ்தர் அம்மா என் வைராக்கியத்தைப் பாராட்டிப் பேசினார். அதைக் கேட்க நன்றாகவே இருந்தது. இரண்டாவது பாட்டு பாடும்போது பெருமழை பிடித்துக்கொண்டது. ஐந்து மணி வாக்கில் எட்டியப்பன் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் வந்து நின்றார்.

"யாக்கோபு, இஸ்கூல எப்பப்பா உட்ட? நான் வரச்சொல்லோ தொறையில ஒரு புள்ள இல்ல. சின்னப் படகு ஒண்ணு வந்துச்சாம், எல்லாம் அதுல ஏறிக்கினு பூட்டுதுங்களாம். சாரு முட்டிக்கால் தண்ணில ஓடிப் போய் ஏறுனாராம். நான் குப்பத்துலேந்து அந்த வழியாத்தான் வந்தேன். எதிர்ல ஒரு படகும் வரல."

எல்லோர் முன்னாலும் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, உமக்காக என்று சொல்லி அந்தக் கால் மணி நேரத்தைத் திருடினவன் நான். அதை அந்தப் பிள்ளைகள் தலையில் போடாதேயும்" என்றேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. எஸ்தர் அம்மா மட்டும் எழுந்து என் தோளைத் தட்டினார்.

"ஜெபத்த நாங்க பண்றோம். நீ போய்த் தேடு" என்றார்.

எட்டியப்பன் கழி ஊன்ற, நான் படகின் முனையில் உட்கார்ந்தேன். மழையில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நான் உரக்க ஜெபிக்கத் தொடங்கினேன்.

"வாய மூட்றா. கத்துனா இன்னா கேக்கும்? காதக் குடு" என்றார் எட்டியப்பன்.

வாயை மூடினேன். ஆண்டவரே, கேட்கப் பண்ணும் என்று மனசுக்குள் சொன்னேன். அவ்வளவுதான் ஜெபம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை கொஞ்சம் விட்டது. இடது பக்கமிருந்து மெல்லிசாக ஒரு பிள்ளைக் குரல் வந்தது.

"உள்ளேன் ஐயா."

பிறகு சாரின் குரல், இன்னொரு பேர். மறுபடி "உள்ளேன் ஐயா." எட்டியப்பன் படகைத் திருப்பினார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது, பத்து, பதினொன்று. கடைசியாகச் சார் "தனலட்சுமி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. குப்பத்துப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் என்பது எனக்குத் தெரியும்.

படகு சேற்றுத் திட்டில் ஏறிச் சாய்ந்திருந்தது. கழி ஒடிந்துபோயிருந்தது. பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் படகுக்காரர் ஒரு பக்கமும் சார் ஒரு பக்கமும் இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைப் பிடித்திருந்தார்கள்.

"சார், தனலட்சுமி எங்க?" என்று கத்தினேன்.

"அவளுக்குக் காய்ச்சல். காலையில ரெஜிஸ்டர் கொணாந்தது நீதான? ஆப்சென்ட் போட்டிருக்கனே."

"அப்ப ஏன் சார் கூப்டீங்க?"

"தெனம் கேக்கற வரிசைய்யா. ஒரு பேரை உட்டா சின்னதுங்க பயந்துரும்."

படகு தரை தட்டினதிலிருந்து அதையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். தன் முறை வரும் என்று காத்திருந்த பிள்ளைகள் எழுந்து நிற்கவில்லை, அழவில்லை. நாங்களும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தோம். எல்லோரையும் பெரிய படகில் ஏற்றி அன்று ராத்திரியே குப்பத்தில் கொண்டுபோய் விட்டோம்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஹெட்மாஸ்டர்கிட்டயும் நீயே சொல்லிடு. கூட்டத்தை அஞ்சரைக்கு வெச்சிக்கலாமே" என்றார். தலைமை ஆசிரியர் மெமோ கொடுத்தார். கூட்டம் அஞ்சரைக்கு மாறியது.

பிறகொரு நாள் சாரிடம் கேட்டேன், தண்ணீரில் நிற்கும்போது எந்தச் சாமியை வேண்டினீர்கள் என்று.

"வேண்ட ஏதுய்யா நேரம்? பேர் கூப்பிடவே சரியாப் போச்சு" என்றார்.

விபூதி பூசினவர் குரலிலா உன் ஜெபத்துக்குப் பதில் வந்தது என்று சில சகோதரர்கள் என்னைக் கேட்டதுண்டு. எனக்கு அவ்வளவு வேதசாஸ்திரம் தெரியாது. கேட்கப் பண்ணும் என்றேன், கேட்டது. இதைப் படிக்கிறவர்களில் தப்பு செய்துவிட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறவர் இருந்தால், கூச்சப்படாதீர்கள். முதலில் உள்ளதைச் சொல்லுங்கள். பிறகு எழுந்து தேடப் போங்கள், காதைத் திறந்து வைத்துக்கொண்டு. அவர் கைவிடமாட்டார். என்னைக் கைவிடவில்லை.

எழுபதுகளில் இந்தப் பக்கம் தொழிற்சாலைகள் வந்தன. குப்பத்துப் பிள்ளைகள் சிலர் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். தனலட்சுமி ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சார் ஓய்வு பெற்றார். துறையில் பேர் கூப்பிடுகிற வேலையை, யாரும் சொல்லாமலே, நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு பள்ளி நாளில் சார் இறந்துபோனார். மூன்று மணிக்குச் செய்தி வந்தது. புதிதாக வந்திருந்த தலைமை ஆசிரியர் உடனே பள்ளியை விடச் சொன்னார், லாங் பெல் அடி என்றார். இத்தனை வருஷத்தில் நான் எந்தத் தலைமை ஆசிரியர் சொல்லையும் தட்டினதில்லை.

"நாலேகாலுக்கு அடிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி படகு வராது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி தாழ்வாரத்தில் நின்றேன். அழுதேன். நாலேகாலுக்கு அடித்தேன். பிள்ளைகளோடு துறைக்குப் போய், படகில் உட்கார வைத்து, வரிசையாகப் பேர் கூப்பிட்டேன். கடைசிப் பிள்ளையும் "உள்ளேன் ஐயா" சொல்லிப் படகு கிளம்பின பிறகுதான் சார் வீட்டுக்கு நடந்தேன்.