விளக்குக்குக் கடல் தண்ணீர், யோகநாதனுக்குத் தேசிக்காய்

துணுக்காயில் யோகநாதன் நின்று வியர்த்தால் போதும், பக்கத்து வயலில் உப்பு விளையும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். விளைந்ததில்லை. ஆனால் அவன் சேட்டு காய்ந்தால் முதுகில் வெள்ளையாக இலங்கைப் படம் தெரியும். யாழ்ப்பாணம் மட்டும் கொஞ்சம் கோணல்.

அவன் என் பக்கத்து வளவுக்காரன், உழவு இயந்திரம் ஓட்டுபவன். அடிக்கடி இறங்கி ஒதுங்க வேண்டி வருமே என்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கமாட்டான். பின்னேரம் இடுப்பு நோகும். கடையில் வாங்கிய நோவுக் குளிசை போடுவான். இரவுச் சோற்றுக்குக் கருவாடு, அதன்மேல் இன்னொரு சிட்டிகை உப்பு. வருடக்கணக்கில் இப்படி நடந்தபின் கிளினிக்கில் இரத்தம் சோதித்த டொக்டர், சிறுநீரகம் பாதி களைத்துவிட்டது என்றார். இன்னும் மோசமானால் வவுனியாவுக்குப் போய் மெசினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டுமாம்.

கிழமைக்கு இரண்டு மூன்று நாள் அங்கே போய்ப் படுத்தால் பெரும்போக உழவை யார் ஓட்டுவது? அந்தப் பயத்தில் டொக்டர் சொன்னபடி குளிசையை விட்டான். தண்ணீர்ப் போத்தல் ஒன்றை இருக்கையோடு கட்டிக்கொண்டான். உப்பை மட்டும் விடவில்லை. அதற்கு ஒரு வேதாந்தம் வைத்திருந்தான்.

"வற்றாப்பளைப் பொங்கலுக்கு எண்ணெய்க்குப் பதிலாக் கடல் தண்ணி ஊத்தித்தானே அம்மனுக்கு விளக்கெரியுது? உப்புக் கூடாதெண்டால் அவா விடுவாவோ, மாமி?"

அவன் மனைவி ஜெகதீஸ்வரி உப்பில்லாக் கறிக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"அவா அதை விளக்குக்குத்தான் ஊத்தச் சொன்னவா, தான் குடிக்கேல்லை. உங்களுக்கும் எங்கையாவது திரி கிடக்கெண்டால் சொல்லுங்கோ, நானே ஊத்திவிடுறன்."

யோகநாதன் குனிந்து தன்னை ஒருமுறை பார்த்துக்கொண்டான். கருவாடு அன்றே பூனைக்குப் போனது. பூனையின் சிறுநீரகம் பற்றி டொக்டர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

போன கிழமை திரும்பவும் இரத்தம் சோதித்தார்கள். இந்த மாரிக்கும் அவன்தான் உழுகிறான். 'யோகநாதனின் சிறுநீரகம் புத்தம் புதிதாகிவிட்டது' என்று நான் இங்கே எழுதிக்கொண்டிருக்க, எட்டிப் பார்த்த ஜெகதீஸ்வரி என் பேனையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதிசாகேல்லை மாமி. இதுக்கு மேல கெடேல்லை எண்டுதான் டொக்டர் சொன்னவர். கெட்டது கெட்டதுதானாம், மிச்சத்தைக் காப்பாத்தட்டாம். அப்பிடியே எழுதுங்கோ."