ஒரு கைக்கு அமைந்த பந்தயம்

நானும் தங்கையும் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஆளுக்குப் பாதி போட்டு ஒரு கேம் கன்சோல் வாங்கினோம். செம்பாக்கம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே கார் பந்தயம்தான். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

போன வருஷம் கேளம்பாக்கம் அருகே ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் அவளுடைய வலது கை நரம்பு அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் விரல்கள் மடங்கவில்லை. இடது கையால் எழுதப் பழகினாள், தலை வாரப் பழகினாள், எதற்கும் முணுமுணுக்கவில்லை. ஒருநாள் கன்சோலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "யாருக்காவது குடுத்துடுக்கா" என்றாள். நான் வாங்கி என் அலமாரியில் வைத்தேன்.

நாவலூர் அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் பழைய கேம்கள் மேல் பைத்தியமானவர். "உங்களுக்கு வேணுமா சார்?" என்று கேட்டு, காரணத்தையும் சொன்னேன்.

"குடுத்துடாதீங்க. டிஸ்க் எல்லாம் நீங்க வாங்கினதுதானே? அதையே கம்ப்யூட்டர்ல காப்பி பண்ணி ஆடலாம். எந்த பட்டன் எங்க வரணும்னு நாமளே மாத்திக்கலாம். ஒரு கை போதும்."

சனிக்கிழமை காலை, டிஸ்க் டிரைவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மற்ற டிஸ்க்குகள் ஒழுங்காக ஏறின. பந்தய டிஸ்க் மட்டும் பாதியில் நின்றது. அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து, வேகத்தைக் குறைத்து மறுபடி போட்டார். மூன்றாவது முறை முழுசாக ஏறியது.

கார் சத்தம் கேட்டுத் தங்கை அறையிலிருந்து வந்தாள். அவர் அவளுடைய இடது கையைக் கீபோர்டில் வைக்கச் சொல்லி, விரல்கள் இயல்பாக விழுந்த இடங்களிலேயே பட்டன்களை அமைத்தார். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது.

"பிரேக்கைச் சுண்டுவிரல்ல வெச்சா எப்படிண்ணா? அதுல பலமே இல்ல!"

அவர் சிரித்துக்கொண்டே மாற்றினார். எட்டு கார்களில் ஏழாவதாக வந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாசல்வரை போய் அவருக்கு நன்றி சொல்ல முயன்றேன். அவரோ, "சாம்பார் நல்லா இருந்துச்சுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இப்போது தங்கையோடு பிசியோதெரபிக்கு வரும் ஓர் ஆசிரியைக்கும் கேம் ஆசை வந்திருக்கிறது. அவருக்கு வலது கைதான் வேலை செய்யும். அந்தக் கைக்கு எந்த பட்டன் எங்கே வரலாம் என்று தங்கை தாளில் வரைந்துகொண்டிருக்கிறாள்.